தாசில்தார் எல்லா ஊரிலும் நின்ற கதை

"குருவே, இந்த லைப்ரரி பொய் சொல்லுது" என்றார் சென்னியப்பன்.

குரு கோகிலவாணி தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன சொல்லுதுங்ணா?"

"ஒத்தை ஆனை. ஒரே நேரத்துல ஊஞ்சக்காட்டுலயும் நிக்குதாம், பூதிப்பள்ளத்துலயும் நிக்குதாம், மேட்டுக்கொம்பையிலயும் நிக்குதாம்."

"அடேங்கப்பா!" என்றார் குரு. "நல்லா வளந்த ஆனைதான்."

வெண்டைக்காய் தொடர்ந்து விழுந்தது.

குருவுக்கு முப்பது வயது நிறையவில்லை. சீடருக்கு ஐம்பது போய்ச் சில வருடம். குரு சீடரை "அண்ணா" என்பார். சீடர் குருவை "குருவே" என்பார். முதல் நாள் இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. மறுநாள் பழகிவிட்டது.

மடம் காட்டோரத்தில் இருந்தது. சிலை கிடையாது, பூசை கிடையாது. 'ஓம்' என்று ஒரு சத்தம் மட்டும் ஓயாமல் கேட்கும். உள்ளே போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டரின் விசிறி.

அங்கே கற்றுத் தந்தது அட்டவணை. எவ்வளவு பெரிய அட்டவணையானாலும் வாரிப் போட்டு அலசித் தருகிற கம்ப்யூட்டர் கட்டளைத் தொகுப்பு ஒன்று; அதை லைப்ரரி என்பார்கள். அதில் அட்டவணைக்கு டேட்டாஃப்ரேம் என்று பெயர். கோகிலவாணி அந்த லைப்ரரியில் கை வைத்தால் பூக்கட்டுகிற மாதிரி இருக்கும் என்று சொல்லக் கேட்டுத்தான், ஒரு பாங்கின் கம்ப்யூட்டர் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்த சென்னியப்பன், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பையும் கையுமாக வந்து இறங்கினார்.

வந்தவரிடம் குரு யானையைக் கொடுத்தார்.

யானை என்றால், கழுத்தில் பட்டை மாட்டிய மூன்று காட்டு யானைகள். பேர் வைத்தது ஊர்க்காரர்கள். கேட்காமல் வந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, அதட்டினால் முறைத்துவிட்டுப் போகிற கொம்பன், தாசில்தார். எந்த வேலியிலும் இடுக்கு கண்டுபிடிக்கிற இளையவள், சில்லி. மூத்தவள், பெரியாத்தா.

பட்டை நிமிடத்துக்கு ஒரு தரம் 'இங்கே இருக்கிறேன்' என்று மடத்துக்குச் சொல்லும். மடம் ஊருக்குச் சொல்ல வேண்டும். ஊருக்கு ஒரு கம்பம், கம்பத்தில் ஒலிபெருக்கி. மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டது. பரணில் காவல் படுக்கிறவர்கள் அந்தக் கம்பத்தை நம்பித்தான் கண்ணை மூட வேண்டும்.

அட்டவணையில் யானைக்கு ஒரு வரி.

சாதாரண அட்டவணை என்றால் ஒரு கட்டத்தில் ஒரு விஷயம்தான் இருக்கும். இதில் அப்படி இல்லை. தாசில்தாரின் வரியில் ஒரு கட்டத்துக்குள் நீளமாக ஒரு பெட்டி. நள்ளிரவு முதல் இந்த நிமிடம் வரை எல்லா நேரங்களும் அதில் வரிசையாக இருக்கும். பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு பெட்டி. அதில் எல்லா இடங்களும், அதே வரிசையில். முதல் நேரத்துக்கு முதல் இடம், பத்தாவது நேரத்துக்குப் பத்தாவது இடம். இரண்டு பெட்டியும் கைகோத்து நடக்கும். இந்த மாதிரிப் பெட்டிக்கு அர்ரே என்று பெயர்.

சென்னியப்பனுக்கு அது பிடிக்கவில்லை.

கட்டத்துக்குள் பெட்டியா? துணி பீரோவுக்குள் சோற்றுப் போசியை வைத்த மாதிரி இருந்தது அவருக்கு. பாங்கில் ஒரு கட்டம், ஒரு விஷயம். அதுதான் ஒழுக்கம்.

ஆகவே அவர் பெட்டிகளை வெடித்தார்.

அதற்கென்றே லைப்ரரியில் ஒரு கட்டளை உண்டு. அதன் பேரே 'வெடி' என்கிற அர்த்தத்தில்தான் இருக்கும். முதலில் நேரப் பெட்டியை வெடித்தார். ஒவ்வொரு நேரமும் தனி வரியாகி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றது. அழகாக இருந்தது. அடுத்தது இடப் பெட்டியை வெடித்தார். அட்டவணை உப்பியது. உப்பினால் நல்லதுதானே என்று விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து மூன்று ஊர்க் கம்பங்களுக்கும் தொண்டை ஓயவில்லை.

"லைப்ரரி பொய் சொல்லுதுன்னா விடுங்ணா" என்றார் குரு. "ஊருக்காரங்க என்ன சொல்றாங்க?"

சென்னியப்பன் வாய் திறக்குமுன் வாசல் பதில் சொன்னது.

"எங்கீங்க அந்த அன்பார்ந்த பொதுமக்களே?"

கத்தியது மாராத்தாள், மக்காச்சோளக் காட்டுக்காரி. அவளுக்கு முன்னால் ஊஞ்சக்காட்டுத் தலைவர் நாச்சிமுத்து. கையில் கட்டிங் பிளேயர். அவர்களுக்குப் பின்னால் ஊர்.

சென்னியப்பன் எழுந்து நின்றார். கம்பத்தில் பேசுவது அவருடைய குரல். அவர் பேசிப் பதிந்து வைத்ததைக் கம்ப்யூட்டர் வெட்டி ஒட்டிச் சொல்லும். பதிந்த அன்றைக்கு அவர் பாங்கு ஆண்டு விழாக் குரலை எடுத்து விட்டிருந்தார்.

"நான்தானுங்க அது" என்றார்.

மாராத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள். தாடையை உள்ளே இழுத்து, மூக்கால் ஆரம்பித்தாள்.

"'அன்ன்ன்பார்ந்த பொதுமக்களே! தாசில்தார் யானை தற்சமயம் உங்கள் ஊரில் உள்ளது!' அப்படின்னுச்சு. பரணை விட்டு எறங்கி ஓடியாந்தேன். ஆனையைக் காணோம். மறுக்கா ஏறினேன். 'அன்ன்ன்பார்ந்த பொதுமக்களே!' மறுக்கா எறங்கினேன். விடிய விடிய இதே சோலி. ஆனை வந்திருந்தாக்கூட இத்தனை சோளத்தை மிதிச்சிருக்காது, சாமி. நான்தான் மிதிச்சேன்."

குரல் அப்படியே இருந்தது. சென்னியப்பனுக்கே தான் பேசுகிற மாதிரி இருந்தது.

"எம்பட மச்சான் மேட்டுக்கொம்பையில இருக்கறான்" என்றார் நாச்சிமுத்து. "போன் போட்டேன். 'ஏண்டா, இங்க தாசில்தார் நிக்கறான்னு கம்பம் கத்துது'ன்னேன். 'இங்கயும் நிக்கறான்னுதான் மாமா கத்துது'ங்கறான். என்னுங்க இது? ஒறம்பரை விருந்துக்குப் போன மாதிரி எல்லா ஊட்டுலயும் இருக்கறானா?"

"ஏதோ தப்பு நடந்திருக்குங்க, நான் பாத்துட்டிருக்கேன்…"

"பாருங்க. பொழுதுக்குள்ள பாத்துருங்க. இல்லைன்னா பொழுதோட கம்பத்தைக் கழட்டிப் போடறோம். தகரம் தட்டிக் காவக் காத்துக்கறோம், பழையபடி."

"தகரமா?" என்றது பின்னால் ஒரு குரல். "போன வருசம் தாசில்தார் தகரத்தையே தூக்கிட்டுப் போயிட்டானே!"

ஒருவர் சிரிக்கத் தொடங்கி, மாராத்தாளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எங்கூட்டுக்காரரும் தகரம் தட்டினவர்தான்" என்றாள் மாராத்தாள். இப்போது அவள் குரல் அவளுடையதாக இருந்தது. "ஒரு நா ராத்திரி ஆனை தொரத்துச்சு. அன்னையிலிருந்து கோலூனிட்டு நடக்கறாரு. அதான் இப்ப நான் பரண்ல படுக்கறேன்."



குரு வெண்டைக்காய்த் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

"உள்ள வாங்க எல்லாரும். இந்த மடத்துல சண்டைக்கு வந்தாலும் சாப்பிட்டுத்தான் போகணும்."

ஊர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனது. குரு சீடரின் காதருகே வந்தார்.

"அண்ணா, எடது செருப்பெல்லாம் ஒரு குமி போடுங்க. வலது செருப்பெல்லாம் ஒரு குமி."

"எதுக்குங்க குருவே?"

"அழகா இருக்கும்."

சென்னியப்பன் போட்டார். உண்மையாகவே அழகாக இருந்தது. எல்லாமே ஒரே சந்தையில் வாங்கிய நீல வார் ரப்பர் செருப்பு.

"கை கழுவத் தொட்டி தோட்டத்துல இருக்குதுங்க" என்று உள்ளே குருவின் குரல் கேட்டது.

ஊர் வெளியே வந்தது.

"எவன்டா செருப்பைக் குமிச்சவன்?"

"இது எம்படது."

"அது எப்படி உன்னுது? உன்ற காலு படகு மாதிரி இருக்கும்."

"எடது கெடைச்சிருச்சு. வலதைக் காணோம்."

"இந்தா வலது. சேருதா?"

"சேருது. ஆனா நடந்தா நொண்டுது."

நாச்சிமுத்து ஓர் இடது செருப்பை மாட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து, வலது குமியில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். எல்லாமே ஏறக்குறையச் சேர்ந்தது. சலித்துப்போய் அடுத்த இடதை எடுத்தார். மறுபடி முதல் வலதிலிருந்து ஆரம்பித்தார். அவருக்குப் பக்கத்தில் மாராத்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருவர். வாசல் முழுக்கக் குதிப்பு.

குரு தூணில் சாய்ந்து பச்சை வெண்டைக்காய் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"எத்தனை ஜோடிங்ணா இருக்கு?"

"வந்தது எத்தனை பேரோ அத்தனை ஜோடி."

"அவங்க போட்டுப் பாக்கறது?"

சென்னியப்பன் பார்த்தார். ஓர் இடதுக்கு எல்லா வலதும். அடுத்த இடதுக்கும் எல்லா வலதும். அதற்கடுத்ததற்கும்.

உதடு அசைந்தது.

"எட்டு மணிக்கு எல்லா எடமும். ஒம்போது மணிக்கும் எல்லா எடமும். ஐயோ! தனித்தனியா வெடிச்சேன்! ஜோடியைப் பிரிச்சுப் பிரிச்சு வெடிச்சேன்! தாசில்தார் இன்னைக்குக் காலு வெச்ச எடத்துல எல்லாம் இன்னைக்குப் பூரா நிக்கறான்!"

வெறுங்காலோடு கம்ப்யூட்டரைப் பார்த்து ஓடினார்.

இரண்டு பெட்டியையும் ஒரே கட்டளையில், சேர்த்து வெடித்தார். முதல் நேரம் முதல் இடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. இரண்டாவது நேரம் இரண்டாவது இடத்தோடு. எத்தனை நிமிடமோ அத்தனை வரி. உப்பல் வடிந்துவிட்டது.

ஆண்டு விழாவில் பரிசு வாங்கினவர் மாதிரி மடத்து ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டு, பந்தியில் போய் உட்கார்ந்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே!" என்றது ஒலிபெருக்கி. "தாசில்தார் யானை நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு ஓடைக்கரையில் இருந்தது. பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு ஓடைக்கரையில் இருந்தது. பன்னிரண்டு மணி இரண்டு நிமிடத்துக்கு ஓடைக்கரையில்…"

"ஜோடி சேந்திருச்சுங்ணா" என்றார் குரு. சோற்றுக் கரண்டியோடு நின்றபடியே, மெய்யாகவே மகிழ்ந்து சொன்னார்.

சாம்பார் ஊற்றி முடியும்போது தாசில்தார் இன்னும் நள்ளிரவைத் தாண்டவில்லை. ரசத்தில் ஓடைக்கரையை விட்டு நகர்ந்தான்.

"இது ஆனை வருதுன்னு சொல்றதுங்களா, இல்லை ஆனையோட சுயசரிதையா?" என்றார் நாச்சிமுத்து. "இப்ப எங்க நிக்கறான்னு இது சொல்றதுக்குள்ள, அவன் சோளத்தைத் தின்னு, ஏப்பம் விட்டு, பேரன் பேத்தி எடுத்துருவானே!"

பந்தி சிரித்தது. சென்னியப்பனின் இலையில் இன்னும் ஒன்றும் விழவில்லை. குரு அவருக்கு எதிரே வந்து நின்றார்.

"அண்ணா, இந்தப் பந்தியில கடைசியா உக்காந்திருக்கறது யாரு?"

சென்னியப்பன் எட்டிப் பார்த்தார்.

"மாராத்தாளம்மா."

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"பாத்தேன்."

"எல்லாரையும் எந்திரிக்கச் சொன்னீங்களா?"

"இல்லைங்க."

"வாசல்ல நிக்க வெச்சு, ஆளுக்கொரு சீட்டுக் குடுத்து, சீட்டையெல்லாம் வரிசைப்படுத்தி…"

"எதுக்குங்க குருவே? அவங்கதான் வரிசையா உக்காந்திருக்காங்களே. உக்காந்தபடியே இருக்கட்டும். கடைசியை மட்டும் பாத்தா…"

நிறுத்தினார்.

எழுந்தார்.

"சோறு?" என்றாள் மாராத்தாள்.

அவர் அதைக் கேட்கிற இடத்தில் இல்லை.

கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, எழுதினது எல்லாவற்றையும் அழித்தார். வெடிப்பு ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. பெட்டி கட்டத்துக்குள்ளேயே இருந்தது. யானைக்கு ஒரு வரி, அதுவும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு பெட்டியிடமும் ஒன்றே ஒன்று கேட்டார்: உன்னுடைய கடைசி எது?

ஒரே வரிக் கட்டளை. லைப்ரரி ஒரு பெட்டியையும் கவிழ்க்கவில்லை. ஒன்றும் சிந்தவில்லை, ஒன்றும் உப்பவில்லை. அவர் விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

சென்னியப்பன் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாங்கில் இத்தனை வருடம் ஒரு துண்டு தேடுவதற்காகப் பீரோவைக் கவிழ்த்திருக்கிறார். கவிழ்ப்பதைத் திறமை என்று நினைத்திருக்கிறார். ஒரு யானையின் ஒரு நாள் முழுக்க, நடந்த வரிசை கலையாமல், ஒரு கட்டத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. என்ன அடக்கம்! என்ன வாகு! கட்டத்துக்குள் பெட்டி வைக்கலாம் என்று முதலில் யோசித்த ஆள் எந்த ஊரோ, அந்தத் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். திசை தெரியாததால் நான்கு பக்கமும் போட்டார்.

பந்திக்கு ஓடி வந்தார்.

"குருவே! தாசில்தார் பூதிப்பள்ளத்துப் பாழுங்கெணத்துக்கிட்ட! சில்லி மேட்டுக்கொம்பை மூங்கில்ல! இப்ப! இந்த நிமிசம்!"

நாச்சிமுத்து எச்சில் கையோடு இடது கையால் போனை எடுத்தார்.

"மச்சான், மூங்கில் பக்கம் காதைக் குடு. ஏதாவது சலசலங்குதா?"

பந்தியில் மோர் ஊற்றுகிறவர்கூட அசையவில்லை.

"சலசலங்குதாமா!" என்றார் நாச்சிமுத்து.

ஊர் "அட!" என்றது. அந்த 'அட'வில் சென்னியப்பன் அரை அடி வளர்ந்தார்.

"பெரியாத்தா?" என்றார் குரு.

"அதுங்களா? அந்தப் பெட்டி காலிங்க. ராத்திரியிலிருந்து பட்டையில ஒண்ணுமே வரலை. சும்மா அசிங்கமா நின்னுட்டிருந்துது. அந்த வரியைத் தூக்கிட்டேன்."

"ஓ" என்றார் குரு. "சரி, உக்காந்து சாப்பிடுங்ணா. பசியோட ஓடிட்டீங்க."

சென்னியப்பன் தன் இடத்துக்குப் போனார். அந்தப் பக்கம் ஓர் இலை. இந்தப் பக்கம் ஓர் இலை. நடுவில் தரை.

"குருவே, என் இலை எங்கீங்க?"

"அதுங்களா? காலியா இருந்துச்சு. சும்மா அசிங்கமா கெடந்துது. தூக்கிட்டேன்."

பந்தி வெடித்துச் சிரித்தது. மாராத்தாளுக்குப் புரை ஏறியது. "தலையைத் தட்டுங்க, தலையைத் தட்டுங்க" என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர் சிரித்துக்கொண்டே புது இலை எடுத்து வந்து விரித்தார்.

சென்னியப்பன் உட்காரவில்லை. சிரிக்கவும் இல்லை. வெறும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், அப்படியே திரும்பி, ஓடாமல், மெதுவாக உள்ளே நடந்தார்.

பொழுது சாயும்போது ஊஞ்சக்காட்டில் கம்பத்தடியில் எல்லாரும் நின்றார்கள். நாச்சிமுத்து கட்டிங் பிளேயரைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தரம் மூங்கிலைச் சரியாச் சொல்லிட்டா ஆச்சா? குருட்டாம்போக்குல நானும் சொல்லுவேன். இப்ப என்ன சொல்லுதுன்னு பாக்கலாம். மறுபடி எல்லா ஊரையும் இழுத்துச்சுன்னா ஒயரு என் கையில."

கம்பம் கரகரத்தது. ஆண்டு விழாக் குரல் வரவில்லை. மத்தியானம் பட்டினியோடு உட்கார்ந்து புதிதாகப் பேசிப் பதிந்த, சாதாரணச் சென்னியப்பன் குரல் வந்தது.

"தாசில்தார், பூதிப்பள்ளம் ஓடை. சில்லி, மேட்டுக்கொம்பை மூங்கில். பெரியாத்தா எங்க இருக்கான்னு தெரியலை."

அவ்வளவுதான். கம்பம் வாயை மூடிக்கொண்டது.

"என்னது?" என்றார் நாச்சிமுத்து. "தெரியலையா?"

"தெரியலைங்க" என்றார் சென்னியப்பன். "பட்டையிலிருந்து ஒண்ணும் வரலை. எங்கயும் இருக்கலாம்."

நாச்சிமுத்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கட்டிங் பிளேயரை மூடி வேட்டி மடிப்பில் செருகினார்.

"இத்தனை நாளா எல்லாம் தெரிஞ்சாப்புலயே கத்திட்டிருந்துச்சு" என்றார். "கேளுங்கப்பா. இன்னைக்குப் பரண்ல யாரும் ஒத்தையில படுக்க வேண்டாம். ரெண்டு ரெண்டு பேராப் போங்க. மாராத்தா, உன்றகூட யாரு?"

மாராத்தாள் தன் வீட்டுப் பக்கம் பார்த்தாள். அவள் வீட்டில் இன்னொரு ஆள் கோலூன்றி நடக்கிறவர்.

சென்னியப்பன் பக்கத்தில் நின்றவரிடமிருந்து டார்ச் லைட்டை வாங்கினார். தட்டிப் பார்த்தார். எரிந்தது. மாராத்தாளின் பரண் இருக்கிற பக்கம் திரும்பினார்.

"எங்கீங்ணா கெளம்பிட்டீங்க?" என்றார் குரு. "தெரியலைன்னு சொல்லியாச்சு. அந்தப் பெட்டியில நீங்க செய்ய வேற ஒண்ணுமில்லையே."

"பெட்டிதான் காலிங்க, குருவே" என்றார் சென்னியப்பன். "காடு காலியில்லை."